தரைக்கு அரை விரல் மேலே

ஜூன் 3

அண்ணி,

இது தையல் வேலை சம்பந்தமான கடிதம். கடை முகவரிக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. வீட்டுக்குப் போன் செய்தால் அண்ணன் எடுப்பார். உங்கள் போனுக்கு எதை அனுப்பினாலும் அவர்தான் முதலில் படிப்பார். அவருக்கு இப்போது தெரிய வேண்டாம்.

டூட்டிக்குப் போடும் கறுப்பு பேன்ட் ஆறு இருக்கின்றன. எல்லாம் நீங்கள் தைத்தவை, மூன்று அங்குல ஹீல்ஸுக்கு அளவெடுத்தவை. இனி நான் ஹீல்ஸ் போடக் கூடாது. தட்டை ஷூ போட்டால் அந்த மூன்று அங்குலமும் ஹோட்டல் தரையைப் பெருக்கும். வெட்டி மடித்துத் தர எத்தனை நாளாகும் என்று எழுதுங்கள்.

இத்தோடு நிறுத்தத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஏன் என்று கேட்பீர்கள்.

போன செவ்வாய்க்கிழமை சர்க்கரை டாக்டரிடம் போயிருந்தேன். கண்ணை மூடச் சொன்னார். ஒரு நைலான் இழையால் பாதத்தில் தொடுவேன், தொடும்போதெல்லாம் 'ம்' சொல்லுங்கள் என்றார். மூடிக்கொண்டு காத்திருந்தேன். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. "ஆரம்பிங்க டாக்டர்" என்றேன்.

"முடிச்சிட்டேன் மேடம்" என்றார்.

வலது காலில் பத்து இடம் தொட்டிருக்கிறார். நான் ஒன்றுக்குக்கூட 'ம்' சொல்லவில்லை. பிறகு இடது காலில் மூன்றுக்குச் சொன்னேன். நான் எதையும் சட்டென்று நம்புகிறவள் இல்லை. வீட்டுக்கு வந்து பென்சில் முனையால் நானே குத்திப் பார்த்தேன். பார்த்துக்கொண்டு குத்தினால் தெரிகிற மாதிரி இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு குத்தினால் அங்கே கால் இருப்பதே தெரியவில்லை.

அப்பாவின் கால் என்ற வார்த்தையை இந்தக் கடிதத்தில் எழுதுவதில்லை என்று நினைத்திருந்தேன்.

அடுத்த மாதம் ஹோட்டலுக்குப் புது முதலாளி வருகிறார். வரவேற்பில் நாங்கள் இரண்டு மானேஜர்கள். ஒருவர் போதும் என்று பேச்சு. மற்றவளுக்கு முப்பத்திரண்டு வயது. ஊசி மாதிரி ஹீல்ஸில் மாடிப்படி ஓடி ஏறுவாள். என்னை எதை வைத்து நிறுத்திக்கொள்வார்கள் என்று உங்களுக்குத் தெரியாதது இல்லை. இருபத்திரண்டு வருடமாக அந்த வாசலில் நான் நிற்கிற விதம்தான் என் வேலை.

கல்யாணத்தில் நடந்ததை நான் மறக்கவில்லை. நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். எத்தனை நாளாகும் என்று மட்டும் எழுதினால் போதும்.

— நாத்தனார்


ஜூன் 9

ஹோட்டல் மேடத்துக்கு,

பதினாலு மாதம் கழித்து உன் கையெழுத்தைப் பார்த்ததும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுப் பிரித்தேன். உள்ளே ஆறு பேன்ட்டைப் பற்றிய பேச்சு. சந்தோஷம்.

"நீங்க தைக்கிறவங்க, தைக்கிறதோட நில்லுங்க" என்று என் மகள் கல்யாணத்தில், சம்பந்தி வீட்டார் காதில் விழச் சொன்னாய். சரி, தைப்பதைப் பற்றி மட்டும் பேசுவோம்.

வெட்டி மடித்தால் போதும் என்று நினைக்கிறாய். போதாது. கீழே மூன்று அங்குலம் எடுத்தால் முழங்கால் வளைவு இடம் மாறிப்போகும். அகல ஷூவுக்கு மேல் குறுகிய பேன்ட் நின்றால் இரண்டு பெட்டி மேல் குச்சி நட்ட மாதிரி இருக்கும். இடுப்பிலிருந்து நேராக விழுகிற மாதிரி புதிதாகத்தான் வெட்ட வேண்டும். பின்பக்கம் தரைக்கு அரை விரல் மேலே நிற்க வேண்டும். அரை விரல் கூடினால் தடுக்கும், குறைந்தால் ஷூ முழுதும் தெரியும்.

முதலில் ஷூ வாங்கு. சாயங்காலம் போ, பாதம் வீங்கியிருக்கும் நேரத்தில். அதைப் போட்டுக்கொண்டு சுவரோரம் நின்று, இடுப்பிலிருந்து தரைவரை யாரையாவது அளக்கச் சொல். நீயே குனிந்து அளக்காதே.

இனி வருவது தையல் இல்லை. கோபித்துக்கொள்வதானால் இதற்குக் கோபித்துக்கொள். தினம் குளித்ததும் ஒரு கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து இரண்டு உள்ளங்காலையும் பார். ஷூவைப் போடுமுன் கவிழ்த்துத் தட்டு. உன் அப்பாவுக்கு முதலில் வந்தது செருப்புக்குள் ஒரு கல், கொண்டைக்கடலை அளவு. காலையிலிருந்து சாயங்காலம் வரை அதன்மேல் நடந்திருக்கிறார். செருப்பில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, "யாரு ரத்தம்மா இது?" என்று என்னைக் கேட்டார்.

அந்தக் காலை நாலு மாதம் கழுவியவள் நான். நீ இல்லை. அதனால் சொல்கிறேன்.

உன் அண்ணனிடம் சொல்லவில்லை.

— அண்ணி


ஜூன் 17

அண்ணி,

ஷூ வாங்கிவிட்டேன். கடைக்காரர் முதலில் என் முகத்தைப் பார்த்தார், பிறகு டாக்டர் சீட்டைப் பார்த்தார். "இந்தப் பக்கம் நடக்கிறதுக்கு மேடம். அழகுக்குன்னா அந்தப் பக்கம்."

"எனக்கு ரெண்டும் வேணும்."

"ரெண்டும் வேணும்னா போன ஜென்மத்துலயே வந்திருக்கணும்" என்றார். சிரித்தேன். வெளியே வந்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

கறுப்பு, கயிறு கட்டுவது, அகலம், தடித்த அடி. உள்ளே என் பாதத்தை அச்செடுத்துச் செய்த மெத்தை. அறை மூலையில் வைத்தால் இரண்டு எருமைக்கன்றுகள் படுத்திருக்கிற மாதிரி இருக்கிறது. முதல் நாளே அந்த முப்பத்திரண்டு வயதுக்காரி, "கால்ல ஏதாவது அடியா மேடம்?" என்றாள்.

"இல்ல. இப்ப இதுதான் ஃபேஷன்."

"ஓ" என்றாள். அந்த 'ஓ'வை வீடுவரை தூக்கிக்கொண்டு வந்தேன்.

அளவு கீழே. அறைகளைச் சுத்தம் செய்யும் அம்மா அளந்தார், நான் குனியவில்லை. இடுப்பு முப்பத்து நாலு. இடுப்பிலிருந்து தரைவரை முப்பத்தொன்பதரை. ஷூ அகலம் நாலே கால்.

நாலு மாதம் நீங்கள் கழுவினீர்கள் என்பது எனக்குத் தெரியும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டுப் போனவள் நான். கல்யாணத்தில் நூறு பேர் நடுவில் என் ஹீல்ஸைக் காட்டி, "அப்பன் கால் போனது போதாதா, உனக்கும் போகணுமா?" என்று நீங்கள் கத்தியபோது, அதைத்தான் எல்லாருக்கும் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். அதனால்தான் அப்படிப் பதில் சொன்னேன்.

கண்ணாடி வாங்கினேன். தரையில் வைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தூக்கினேன். பிறகு கண்ணாடியை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன். நான் படித்தது புள்ளியியல். பார்க்காவிட்டால் இல்லாமல் போய்விடாது என்பதை இன்னொருவர் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தாலும் முடியவில்லை. நாளைக்குப் பார்க்கிறேன்.

ஷூவைத் தட்டுகிறேன். அதைத் தவறாமல் செய்கிறேன்.

— நாத்தனார்


ஜூலை 2

நாத்தனாருக்கு,

பார்சலில் ஒரு பேன்ட், ஒரு கோட்.

கோட்டைத் தொடை பாதிவரை இறக்கியிருக்கிறேன். நேராக விழும், தோள் எடுப்பாக நிற்கும். கழுத்துப் பட்டையில் மட்டும் பளபளப்புத் துணி. பார்க்கிற கண் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும், கீழே இறங்காது. காதில் பெரிதாக ஏதாவது போடு. பேன்ட்டும் ஷூவும் ஒரே கறுப்பு, எங்கே துணி முடிகிறது, எங்கே ஷூ தொடங்குகிறது என்று யாருக்கும் தெரியாது. இந்த வயதுவரை இப்படி ஒரு உடுப்பு நான் வெட்டியதில்லை. வேலை பழகும் பெண்கள் இருவரும் பொம்மைக்கு மாட்டிவிட்டுச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். "யாருக்குக்கா இது, நடிகைக்கா?" என்றாள் ஒருத்தி. "நாத்தனாருக்கு" என்றேன். "நாத்தனாருக்கு இவ்வளவு அழகா யாருக்கா தைப்பாங்க?" என்றாள்.

பேன்ட்டின் கீழ் மடிப்பைத் தைக்கவில்லை. குண்டூசி குத்தி அனுப்புகிறேன், காலுக்கு ஆறு, மொத்தம் பன்னிரண்டு. இந்தக் கடையில் ஊசியை எண்ணிக் கழற்றாமல் எந்தத் துணியும் வெளியே போனதில்லை. இருபத்தாறு வருடத்தில் இது ஒன்றுதான் போகிறது. வெளி ஆளாயிருந்தால் இங்கே வரச்சொல்லி நிற்கவைத்து அளந்திருப்பேன். நீ வரமாட்டாய், அதனால் துணி வருகிறது.

போட்டு நாலடி நட. நீளம் சரியா என்று பார்த்துக் கழற்றிவிடு. ஊசியோடு டூட்டிக்குப் போய்விடாதே. ஊசிகளை எண்ணி ஒரு தாளில் குத்தி, பேன்ட்டோடு திருப்பி அனுப்பு. தைத்து அனுப்புகிறேன். மற்ற ஐந்தும் பிறகு.

கண்ணாடி பார்த்தாயா? அதைப் பற்றி ஒரு வரி எழுது.

— அண்ணி


ஜூலை 12

அண்ணி,

ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். ஊசியோடு டூட்டிக்குப் போனேன்.

எட்டாம் தேதி காலையில் போட்டுப் பார்த்தேன். நாலடி நடந்தேன், கழற்ற மனம் வரவில்லை. அந்த ஷூ வந்ததிலிருந்து கண்ணாடிக்கு முன்னால் நான் நின்றதே இல்லை. அன்றைக்குத்தான் முதலாளியும் வருவதாக இருந்தது. ஒரு நாள்தானே, மெதுவாக நடந்தால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன்.

முதலாளியம்மா வந்தார். ஆண் என்று நினைத்துக்கொண்டிருந்தோம், அறுபது வயதுப் பெண்மணி. ஒரு மணி நேரம் என்னோடு ஹோட்டலைச் சுற்றினார். போகும்போது, "உங்க டெய்லர் யாரு?" என்று கேட்டார்.

"எங்க அண்ணி" என்றேன்.

"கெட்டியா பிடிச்சுக்குங்க" என்றார். மறுநாள் கடிதம் வந்தது. வரவேற்பு முழுதும் என் பொறுப்பு. மற்றவள் விருந்து மண்டபத்துக்கு மாறுகிறாள். ஒருவர்கூட என் காலைப் பார்க்கவில்லை, அண்ணி.

நீளம் சரி. பேன்ட்டைத் திருப்பி அனுப்புகிறேன். ஊசிகள் தாளில் இருக்கின்றன, பதினொன்று. ஒன்று ஹோட்டல் கம்பளத்தில் விழுந்திருக்கும். யார் காலிலாவது குத்திவிடப் போகிறது என்று சுத்தம் செய்பவர்களிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

இரண்டு நாளாக லேசான காய்ச்சல், உடம்புவலி. ஏசி ஒத்துக்கொள்ளவில்லை.

கண்ணாடியைப் பற்றிக் கேட்டீர்கள். இந்த வாரம் வேலை அதிகம்.

— உங்கள் நாத்தனார்


ஜூலை 16

அடி பாவி,

கம்பளத்தில் இல்லை. கம்பளத்தில் இல்லை. மேலே படிக்காதே, உட்கார், இரண்டு ஷூவையும் கழற்று. தட்டினால் போதாது. கையை உள்ளே விட்டுத் தடவு. கையை மெதுவாக விடு.

காலையில் பார்சலைப் பிரித்தேன். பதினொன்று என்று எழுதியிருந்ததைப் படித்த பிறகும் தாளில் மூன்று தடவை எண்ணினேன். மடிப்பைக் கிழித்துப் பார்த்தேன், அதில் இல்லை. உடனே போன் செய்தேன். என் எண்ணை நீ தடுத்து வைத்திருக்கிறாய் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. ஹோட்டலுக்குச் செய்தேன். டூட்டியில் போனைப் பெட்டியில் பூட்டிவிடுவீர்களாமே. மேடத்தைத் தன் ஷூவைப் பார்க்கச் சொல், அண்ணி சொன்னேன் என்று சொல் என்றேன். எடுத்த பெண், "அதெல்லாம் நான் எப்படிங்க மேடத்துகிட்ட சொல்றது? தப்பா எடுத்துக்குவாங்க" என்றாள். கத்தினேன். வைத்துவிட்டாள்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. உன் அண்ணனிடம் எல்லாம் சொல்லிவிட்டேன், நைலான் இழை முதற்கொண்டு. சட்டையை மாட்டிக்கொண்டு நிற்கிறார். ஆறு மணி பஸ். இதை அவர் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். வழியெல்லாம் உனக்குப் போன் போட்டுக்கொண்டே வருவார்.

காய்ச்சல் என்று எழுதியிருக்கிறாய். ஏசி என்று எழுதியிருக்கிறாய். உன் அப்பாவும் மழையில் நனைந்ததால் என்றார்.

கோபப்படு, திட்டு, எதுவும் செய். காலைப் பார்.

— அண்ணி


ஜூலை 18, ஆஸ்பத்திரி

அண்ணி,

அண்ணன் போனை நீட்டினார். உங்கள் குரலைக் கேட்டால் உடைந்துவிடுவேன், எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுதும்போது கொஞ்சம் நிதானமாக இருக்க முடிகிறது.

முந்தாநாள் ராத்திரி போனை அணைத்துவிட்டுக் காய்ச்சலில் தூங்கிப்போனேன். நேற்று அதிகாலை அண்ணன் கதவைத் தட்டினார். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "உக்காரு" என்றார். தரையில் சம்மணம் போட்டு என் வலது காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மூச்சு மாறியதை மட்டும் கேட்டேன். பிறகு ஷூவுக்குள் கையை விட்டார். ஊசி மெத்தையில் புதைந்து, நுனி மேலே பார்த்து நின்றிருந்தது. தலை கீழே அமுங்கியிருந்ததால் தட்டும்போதெல்லாம் விழவில்லை. இரவில் பேன்ட்டைக் கழற்றும்போது உள்ளே விழுந்திருக்க வேண்டும். மறுநாள் காலையில் நான் காலை நுழைத்திருக்கிறேன். எட்டு நாள் அதன்மேல் நடந்திருக்கிறேன், விருந்தாளிகளுக்குக் கைகூப்பியிருக்கிறேன், ஒரு கல்யாணக் கோஷ்டியை மூன்று மாடி ஏற்றி இறக்கியிருக்கிறேன்.

சீழ் உள்ளே போய்விட்டதாம். இருபத்தொன்றாம் தேதி திறக்கிறார்கள். எத்தனை விரல், விரலோடு நிற்குமா, கணுக்கால்வரை போக வேண்டுமா என்பது திறந்த பிறகுதான் தெரியும் என்கிறார் சர்ஜன். ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அதில் 'தேவைப்படும் அளவுக்கு' என்று அச்சடித்திருக்கிறது. அந்த இரண்டு சொற்களை நேற்றிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன்.

வலி இல்லை. ஊசி குத்திய இடத்தில் டாக்டர் விரலை வைத்து அழுத்தினார், அப்போதும் இல்லை. பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மா ராத்திரி முழுதும் கால்வலி என்று அழுகிறார். அவரைப் பார்க்கப் பொறாமையாக இருக்கிறது.

நீங்கள் சாப்பிடவே இல்லை என்று அண்ணன் சொன்னார். அண்ணி, ஊசியைக் கழற்றாமல் போட்டுக்கொண்டது நான். அலமாரியில் கண்ணாடியை வைத்தது நான்.

பயமாக இருக்கிறது. இதை அண்ணனிடம் சொல்லவில்லை.

— நா.


ஜூலை 19

கண்ணு,

உன் கடிதம் கூரியரில் இன்று காலையிலேயே வந்தது. பக்கத்துக் கடைக்காரர் மகன் உன் ஊருக்கு வருகிறான், இதை அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். நான் ஏன் வரவில்லை என்று உன் அண்ணன் நாலு தடவை கேட்டுவிட்டார். கடையில் வேலை என்றேன். கடை இரண்டு நாளாகப் பூட்டியிருக்கிறது.

எனக்கு வரத் தைரியமில்லை. அந்த மருந்து வாடை மூக்கில் ஏறினால் நான் அங்கேயே விழுந்துவிடுவேன். நாலு மாதம் கழுவினேன் என்று உன்னிடம் பெருமை பேசினேன் இல்லையா. நான் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். கத்திக்குப் போவதற்கு முன்னால் நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றுகிறது.

உன் அப்பாவின் பெருவிரல் ஓரத்தில் கறுப்பாக இருந்ததை நான் முதலில் பார்த்தது ஒரு திங்கட்கிழமை. உன் அண்ணனிடம் சொன்னது புதன்கிழமை சாயங்காலம். நடுவில் ஒரு முழுச் செவ்வாய்க்கிழமை போனது. அன்றைக்கும் காலைக் கழுவினேன், மருந்து போட்டேன், துணி சுற்றினேன். அவர், "எப்படிம்மா இருக்கு?" என்றார். "ஆறிட்டு வருது மாமா" என்றேன். பள்ளிக்கூடத்துச் சீருடை நாற்பது தைக்க வேண்டியிருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது காரணமில்லை. சொன்னால் வெட்டுவார்கள் என்று தெரியும். சொல்லாவிட்டால் ஒருவேளை நானே தப்பாகப் பார்த்திருக்கலாம் இல்லையா. அந்த இரண்டு நாளில் கறுப்பு கணுக்காலுக்கு ஏறிவிட்டது.

கல்யாணத்தில் நீ டக் டக்கென்று நடந்து வந்தாய். குதிகாலில் ஒரு பிளாஸ்திரி. என்னவென்று கேட்டால், "செருப்பு எப்ப கடிச்சதுன்னே தெரியல அண்ணி" என்று சிரித்தாய். இந்தத் தடவை ஒரு நாள்கூட வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டேன் என்று நினைத்தேன். நூறு பேர் இருந்தது என் கண்ணில் படவில்லை.

அப்படிச் சொன்னவள்தான் துணியில் ஊசியை வைத்து அனுப்பினேன். வீட்டு ஆளாச்சே என்று. நீ ஆயிரம் சொன்னாலும் அது என் கைதான்.

என்னைப் பற்றி நீ என்ன நினைத்துக்கொண்டாலும் சரி. கால் இருந்தால் போதும்.

— அண்ணி


ஜூலை 25, ஆஸ்பத்திரி

அண்ணி,

இரண்டு விரல் போனது, சுண்டுவிரலும் பக்கத்து விரலும். பாதத்தில் ஒரு பள்ளம். மற்றபடி கால் இருக்கிறது. அண்ணன் இதைப் போனில் சொல்லியிருப்பார். என் கையால் எழுதினால்தான் எனக்கே உறைக்கும் என்று எழுதுகிறேன்.

முழுதும் தப்பிவிட்டது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. காய்ச்சல் இறங்கியிருக்கிறது. அவ்வளவுதான் சொல்கிறார்கள்.

உங்கள் கடிதத்தை ஆபரேஷனுக்கு முன்னாலேயே படித்தேன். பதில் எழுத அப்போது கை வரவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை நானும் அங்கே இருந்தேன், அண்ணி. உங்களுக்குத் தெரியாது. ஹோட்டல் வேலையாக அந்தப் பக்கம் வந்தவள் மத்தியானம் அரை மணி நேரம் எட்டிப் பார்த்தேன். நீங்கள் சீருடை கொடுக்கப் போயிருந்தீர்கள். அப்பா காலைப் போர்வையால் மூடிக்கொண்டு என் சம்பள உயர்வைப் பற்றிக் கேட்டார். அறையில் ஒரு வாடை. என்ன வாடை என்று எனக்குத் தெரிந்தது. எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டேன். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். ஏழு வருடமாக அந்த ஜன்னலை யாரிடமும் சொல்லவில்லை.

ஆகவே அந்த நாளை நீங்கள் தனியாகச் சுமக்க வேண்டாம்.

முதலாளியம்மா பழக்கூடை அனுப்பியிருந்தார், ஒரு சர்க்கரை நோயாளிக்கு ஆறு மாம்பழம். அண்ணன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தின்கிறார். வேலை எனக்காகக் காத்திருக்கும் என்று முதலாளியம்மா எழுதியிருக்கிறார். இனிமேல் கணுக்கால்வரை ஏறுகிற ஷூதான் போட வேண்டுமாம், விரல் இல்லாத இடத்தில் பஞ்சு அடைத்து. எந்தப் பேன்ட்டும் அதை மூடாது. மூட வேண்டாம். மீதி ஐந்தையும் கணுக்காலுக்கு மேலே நிற்கிற மாதிரி வெட்டுங்கள், ஷூ முழுதாக வெளியே தெரியட்டும். அப்படித் தெரிந்தாலும் ஒரு பெண் எடுப்பாக நிற்க முடியுமா என்று எனக்கு நம்பிக்கையில்லை. அதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

நாளை மறுநாள் காலை பத்து மணிக்கு முதல் தடவையாகக் கட்டைப் பிரிக்கிறார்கள். உள்ளே சிவப்பாக இருந்தால் ஆறுகிறது, கறுப்பாக இருந்தால் மறுபடி மேஜைக்குப் போக வேண்டும். நர்ஸ் கேட்டாள், "பாக்குறீங்களா, இல்ல அந்தப் பக்கம் திரும்பிக்கிறீங்களா?" என்று. பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு உடனே இதை எழுத உட்கார்ந்தேன்.

அண்ணன் இருப்பார். அவர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்ல மாட்டார். என்ன நிறம் என்று உள்ளபடி சொல்கிற ஆள் எனக்குப் பக்கத்தில் வேண்டும். உங்களுக்கு வாடை ஆகாது என்று தெரியும். எனக்கும் ஆகாது. மூக்கை மூடிக்கொள்ளலாம்.

இதையும் கூரியரில் அனுப்பச் சொல்கிறேன், நாளைக் காலையிலேயே கிடைக்கும். உங்கள் எண்ணைத் திறந்துவிட்டேன். நாளை சாயங்காலம், அண்ணன் வந்த அதே ஆறு மணி பஸ் இருக்கிறதாம்.

— உங்கள் நாத்தனார்